நாயும் பிள்ளைகளும் சேர்ந்து ஓட: திருகோணமலைக் குன்றுகளுக்கு ஒரு செய்முறை

திருகோணமலைப் பக்கத்து மலைகள் உயரத்தால் ஆளைச் சோதிப்பவை அல்ல. கன்னியாவைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஏறி முடிக்க அதிக நேரம் எடுக்காது. இங்கே ஓட்டத்தைக் கெடுப்பவை வெயில், சுடுபாறை, முள், யானை ஆகிய நான்கும்தான். நாயும் கூட வந்தால் கணக்கே மாறிவிடும். பிள்ளைக்கு ஏலாமல் போனால் "அப்பா, கொஞ்சம் நில்லுங்கோ" என்று கேட்கும். நாய் கேட்காது. நீங்கள் ஓடும்வரை அதுவும் ஓடும், விழும்வரை ஓடும். ஆகவே எந்த நேரத்தில் திரும்புவது என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

இங்கே தரும் அளவுகள் இரண்டு பெரியவர்கள், எட்டு வயதுக்கு மேற்பட்ட இரண்டு பிள்ளைகள், 15 முதல் 20 கிலோ வரையான ஒரு நாய் என்ற கணக்குக்கு உரியவை.

எந்த நாய்

நம்முடைய ஊர்நாய்தான் இந்த வேலைக்கு முதல் தெரிவு. குட்டை மயிர், நீண்ட கால், நீண்ட மூக்கு, இந்த வெக்கைக்குப் பிறந்து வளர்ந்த உடம்பு. நாய் மனிதரைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதனால் பக் போன்ற சப்பை மூக்கு இனங்களை இந்த ஓட்டத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. அடர்ந்த மயிருள்ள அல்சேசன், லப்ரடோர் வகைகளைக் கூட்டிப்போவதானால் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

ஒரு வயது நிரம்பாத குட்டியின் எலும்பு இன்னும் முற்றவில்லை. தொடர் ஓட்டம் மூட்டைக் கெடுக்கும். பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயதாவது ஆக வேண்டும். எட்டு வயதைத் தாண்டிய நாயென்றால் முதலில் மிருக வைத்தியரிடம் நெஞ்சையும் இடுப்பையும் காட்டுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி அந்த வருடத்துக்குப் போட்டிருக்க வேண்டும். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், குட்டைத் தண்ணீரில் இருந்து வரும். அதற்கான ஊசியையும் கேட்டுப் போடுவது நல்லது. உண்ணி மருந்தைப் புறப்படும் நாளன்று பூசிப் பலனில்லை. முதுகில் விடும் மருந்து உடம்பில் பரவ ஓரிரு நாள் எடுக்கும்.

எட்டு வாரப் பழக்கம்

முதல் இரண்டு வாரமும் கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 20 நிமிடம். ஒரு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. உட்துறைமுக வீதியோரம் விடியற்காலையில் இதற்கு வசதி. அடுத்த இரண்டு வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஐந்தாம் ஆறாம் வாரங்களில் தார் வீதியை விட்டுச் செம்மண் தடத்துக்கு இறங்கி 30 நிமிடம். ஏழாம் எட்டாம் வாரங்களில் ஏற்றமும் சேர்ந்து 45 நிமிடம். நாயின் உள்ளங்கால் தடிப்பதற்கும் இந்தக் காலம் வேண்டும். வீட்டுச் சீமெந்துத் தரையில் படுத்தே வளர்ந்த நாயை நேரே பாறையில் ஓடவிட்டால் அரை மணித்தியாலத்தில் தோல் உரிந்துவிடும்.

உப்புவெளிக் கடற்கரையின் ஈர மணல் மூட்டுக்கு இதமானது, ஆனால் கடல்தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். உப்பு வயிற்றைக் கழியவைத்து உடம்பின் தண்ணீரை இழுத்துவிடும். வீட்டிலேயே தண்ணீர் காட்டிவிட்டுக் கூட்டிப்போனால் கடலில் வாய் வைப்பது குறையும்.

இந்த எட்டு வாரத்துக்குள் மூன்று சொற்கள் நாய்க்கு மனப்பாடமாக வேண்டும்: "நில்", "பின்னால", "விடு". வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைப் பாவியுங்கள். அம்மா "விடு" என்றும் பிள்ளை "போடு" என்றும் சொன்னால் அவசரத்தில் நாய் எதையும் கேட்காது. மூன்றிலும் "விடு" உயிர் காக்கும் சொல். காட்டுப்பன்றிக்காகத் தீனிக்குள் வெடி வைக்கும் பழக்கம் காட்டோர வயல்பக்கங்களில் உண்டு. நாய் கடித்தால் தாடை போய்விடும். நிலத்தில் கிடக்கும் எதையும், எலும்போ பூசணித்துண்டோ, அது வாயில் எடுக்கக் கூடாது.

கயிறு

கழுத்துப்பட்டியில் கட்டி ஓடாதீர்கள். இழுக்கும்போது தொண்டை நெரியும், இரைக்க வழியில்லாத நாய் சூட்டில் சீக்கிரம் விழும். மார்பையும் தோளையும் சுற்றிப் பிடிக்கும் பட்டிதான் வேண்டும். பட்டிக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். முன்னங்கால் அக்குளில் உரசினால் முதல் மூன்று கிலோமீற்றரில் புண் வந்துவிடும்.

உங்கள் இடுப்பையும் நாயையும் இணைக்கும் கயிறு இழுபடக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அணிலைக் கண்டு பாயும் ஒவ்வொரு தடவையும் உங்கள் நாரியில்தான் விழும். அதை வீட்டிலேயே செய்யலாம். மூன்று மீற்றர் நைலோன் கயிறு, 10 மில்லிமீற்றர் தடிப்பு. துருப்பிடிக்காத சுழல் கொளுக்கி ஒன்று. மீன்பிடி உபகரணக் கடையில் கிடைக்கும். பழைய சைக்கிள் ரியூபில் ஒன்றரை முழத் துண்டு, முடிச்சுக்கும் சேர்த்து. கயிற்றின் நடுப்பகுதியில் 70 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு இரண்டு இடத்தில் குறி வையுங்கள். ரியூபின் இரு முனைகளையும் அந்தக் குறிகளில் கட்டுங்கள், ஆனால் இரண்டு கட்டுக்கும் இடையில் ரியூபின் நீளம் 40 சென்ரிமீற்றர் மட்டும் இருக்க வேண்டும். இப்போது அந்த இடத்தில் கயிறு தளர்ந்து வளைந்து தொங்கும். நாய் இழுத்தால் முதலில் ரியூப் நீளும், பிறகுதான் கயிறு பிடிக்கும். ரியூப் அறுந்தாலும் கயிறு நாயை விடாது. முடிச்சுகளின்மேல் நைலோன் நூலால் இறுக்கிச் சுற்றுங்கள். சுற்றாத முடிச்சு ரியூபில் வழுக்கும்.

எல்லாம் கட்டிய பிறகு நீளம் இரண்டு மீற்றர் அளவில் நிற்க வேண்டும். ஒன்றரைக்குக் குறைந்தால் நாயின் பின்னங்காலை நீங்களே மிதிப்பீர்கள், மூன்றானால் மரத்தைச் சுற்றும். உங்கள் பக்கத்து முனையை ஒரு கை அகலமுள்ள பட்டியில், வயிற்றில் அல்லாமல் இடுப்பெலும்பில் படும்படி கட்டுங்கள். அந்த முடிச்சு ஒரே இழுவையில் அவிழும் உருவு முடிச்சாக இருக்கட்டும். நாய் விளிம்பில் சறுக்கி உங்களையும் இழுத்தால் கொளுக்கி திறக்க நேரம் இராது. வெயில்பட்ட ரியூப் வெடிப்பு விடும், மாதமொருமுறை விரலால் நீட்டிப் பாருங்கள்.

பருவமும் நேரமும்

மாரி ஓய்ந்த பிறகு பெப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் நல்ல காலம். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை பாறையில் பாசி வழுக்கும், பின்னேரம் இடி மின்னல். மே தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலை எட்டு மணிக்கே பாறை சுடத் தொடங்கும். அந்த மாதங்களில் குன்றை விட்டுவிட்டு நிழல்தடத்தில் அரை மணித்தியாலம் ஓடினால் போதும்.

நேரத்தில்தான் இந்த ஊரின் சிக்கல் இருக்கிறது. வெயில் "இருட்டோடு புறப்படு" என்கிறது. யானை "விடியட்டும்" என்கிறது. கன்னியா, முதலிக்குளம், கந்தளாய், சேருவில பக்கங்களில் இரவு மேய்ந்த யானை விடியும்போதுதான் காட்டுக்குத் திரும்பும். இந்த இழுபறியில் யானையின் சொல்லைத்தான் கேட்க வேண்டும். நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் மாட்டின் நிறம் தெரியுமளவு வெளிச்சம் வந்த பிறகே தடத்தில் கால் வையுங்கள். அது மாதத்தைப் பொறுத்து ஆறு, ஆறரை ஆகும். திரும்பும் நேரம் ஏழேகால். உச்சிக்குப் பத்து நிமிடம்தான் மிச்சமென்றாலும் ஏழேகாலுக்குத் திரும்புங்கள். எட்டு மணிக்கு எல்லாரும் வாகனத்தடியில் நிற்க வேண்டும். போனில் வெப்பநிலை புறப்படும்போதே 30 பாகையைக் காட்டினால் அன்றைக்கு நாய் வீட்டில்.

தடம் தெரிவு செய்வது

முதலில் எங்கே போகக் கூடாது என்பது. சுவாமி மலைக்கு நாயைக் கொண்டுபோகாதீர்கள். அது கோணேசர் கோயிலின் மலை, வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால், கோட்டைக்குள் படைமுகாம், வழியெங்கும் புள்ளிமான். மானைக் கண்ட நாய் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. கன்னியா வெந்நீரூற்று வளாகத்துக்குள்ளும் நாய் வேண்டாம். ஏழு கிணறும் பிதிர்க்கடன் செய்ய ஆட்கள் வரும் இடம். கடற்படைக்கும் வனத்திணைக்களத்துக்கும் உரிய பலகையுள்ள இடங்களில் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை எங்கே கண்டாலும், அது எவ்வளவு பழசாக இருந்தாலும், வந்த அடியிலேயே திரும்புங்கள்.

மாடு மேய்ப்பவர்களும் விறகெடுப்பவர்களும் தினம் நடக்கும் அகலமான தடத்தைத் தெரிவு செய்யுங்கள். ஒடுங்கிய மிருகத்தடத்தில் காட்டுப்பன்றிக்குக் கட்டும் கம்பிச் சுருக்கோ, கம்பியில் பட்டதும் வெடிக்கும் கட்டுத்துவக்கோ இருக்கலாம். அது கட்டப்படும் உயரம் பன்றியின் உயரம், அதாவது உங்கள் நாயின் உயரம். வயலோரத்தில் தரையோடு போகும் கம்பியையும் தாண்ட வேண்டாம், சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சியிருப்பார்கள். முதல்நாள் பின்னேரம் அந்த ஊர் ஆட்களிடம் "இந்தப் பக்கம் ஆனை இறங்குதா?" என்று கேட்பதைவிட நல்ல வரைபடம் கிடையாது.

நீண்ட ஒரே சுற்று வேண்டாம். வாகனத்தை நடுவில் விட்டு இரண்டு கிலோமீற்றரில் ஒரு சுற்று, வந்து தண்ணீர், பிறகு இன்னொரு பக்கத்தால் இன்னொரு சுற்று. யாருக்காவது ஏலாவிட்டால் முதல் சுற்றோடு ஒரு பெரியவருடன் இருந்துவிடலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு நடையும் ஓட்டமுமாக மூன்று கிலோமீற்றர், பத்துப் பன்னிரண்டு வயதுக்கு ஐந்து என்பது நிதானமான அளவு.

தண்ணீரும் பையும்

ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பெரியவருக்குத் தலா ஒரு லீற்றர், பிள்ளைக்கு முக்கால், நாய்க்கு ஒரு லீற்றர். இவற்றுக்கு மேலே ஒன்றரை லீற்றரை யாரும் குடிக்காமல் ஒதுக்கி வையுங்கள். நாயைக் குளிர்விக்கவும் காயம் கழுவவும் அது. மொத்தம் ஆறு லீற்றர். வாகனம் நடுவில் நிற்பதால் பாதியைத்தான் தோளில் சுமப்பீர்கள். நாய்க்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறிய கோப்பை, 100 மில்லிலீற்றர் அளவு. ஒரேயடியாக அரை லீற்றர் குடித்தால் வாந்தி எடுக்கும். குளத்து விளிம்பில் குடிக்க விடாதீர்கள். இங்குள்ள குளங்களில் முதலை உண்டு, தலை குனிந்து தண்ணீர் நக்கும் நாய் அதற்கு எளிய இரை.

நாய்க்கு ஓடுவதற்கு மூன்று மணித்தியாலம் முன்பும் ஓடிய பின் ஒரு மணித்தியாலத்துக்கும் சாப்பாடு கிடையாது. நிறைந்த வயிற்றோடு குதித்தால், ஆழமான நெஞ்சுள்ள நாய்க்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும், சில மணித்தியாலத்தில் உயிர் போகும். பிள்ளைகளுக்கு வாழைப்பழமும் எள்ளுருண்டையும் நல்லது. முந்திரிகை வற்றலும் (உலர்ந்த திராட்சை) சொக்லேற்றும் நாய்க்கு நஞ்சு, அவற்றை வீட்டில் விட்டுவிடுங்கள்.

பையில் இவை இருக்கட்டும்: ஜீவனி (உப்பு, சீனி கலந்த நீரிழப்பு மருந்துத்தூள்) இரண்டு பக்கெற், ஒன்றை ஒரு லீற்றரில் கரைக்க வேண்டும், கூர்ச்சாமணம், துணிச் சுருள், பிளாஸ்டர், ஒரு பழைய காலுறை, பிள்ளைகள் கழுத்தில் ஆளுக்கொரு விசில், பழைய சாரம் ஒன்று. சாரம் ஏன் என்பது பின்னால் வரும்.

ஓடும்போது

ஏற்றத்தில் நாயும் அதைக் கட்டியவரும் முன்னால். ஐந்து மீற்றர் விட்டுப் பிள்ளைகள். கடைசியில் மற்றப் பெரியவர். வேகத்தைப் பிள்ளைதான் தீர்மானிக்கும்: மூச்சு வாங்காமல் ஒரு முழு வசனம் பேசக்கூடியதாக இருக்க வேண்டும். செங்குத்தான இடத்தில் எல்லாரும் நடையுங்கள். அது ஓட்டத்துக்குக் குறைவு அல்ல.

இறக்கத்தில் ஒழுங்கை மாற்றுங்கள். "பின்னால" சொல்லி நாயைக் காலுக்குப் பின் எடுக்க வேண்டும். கீழ்நோக்கி இழுக்கும் நாய் ஆளை முகங்குப்புற விழுத்தும். புல் மூடிய இடங்களிலும் இதே ஒழுங்குதான். பெரியவர் ஒருவர் தடியால் தட்டிக்கொண்டு முன்னே நடக்கட்டும். புடையன் பாம்பு சருகில் அசையாமல் கிடக்கும்; நாய் மூக்கை வைத்த பிறகுதான் அது இருப்பதே தெரியும்.

எந்தக் காரணத்துக்காகவும் நாயை அவிழ்த்து விடாதீர்கள். அவிழ்த்த நாய் கரடியையோ யானையையோ குரைத்துக் கிளப்பிவிட்டு, பயந்ததும் நேரே உங்களிடம்தான் ஓடிவரும், துரத்துவதையும் கூட்டிக்கொண்டு. ஈரமும் சூடும் ஆறாத யானைப்பிண்டம், புதிதாக முறிந்த கிளை, இவற்றில் ஒன்றைக் கண்டால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். கட்டாக்காலி நாய்க் கூட்டம் எதிர்ப்பட்டால் ஓட்டத்தை நிறுத்துங்கள். கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, பிள்ளைகளை நடுவில் விட்டு, நடந்தே கடக்க வேண்டும். கல்லெடுப்பதுபோலக் குனிந்தாலே பெரும்பாலும் ஒதுங்கும்.

பாறைக்கு வரும் ஒவ்வொரு தடவையும் புறங்கையை அதில் வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் காலாலும் முடியாது. நெருஞ்சி காய்த்திருக்கும் மணல்வெளியில் நாய் திடீரென்று மூன்று காலில் நின்றால் உடனே பாதத்தைத் தூக்கி விரலிடுக்கைப் பாருங்கள். முள்ளோடு இன்னும் நாலடி வைத்தால் அது உள்ளே ஏறிவிடும்.

பிழைத்துப்போனால்

சூடு ஏறுவதை நாக்கில் பாருங்கள். சாதாரணமாக இரைக்கும் நாயின் நாக்கு ஒடுங்கித் தொங்கும். சூடு மிஞ்சினால் நாக்கின் நுனி அகப்பைபோல அகன்று, ஓரம் மேலே மடியும். எச்சில் நூலாகத் தடிக்கும். முரசு செங்கல் நிறமாகும். கயிறு தளர்ந்து நாய் பின்தங்கும். பின்தங்கும் கணத்திலேயே நிறுத்துங்கள். தள்ளாடத் தொடங்கினால் வெப்பத்தாக்கம். நிழலில் கிடத்தி, ஒதுக்கிய தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு, பாதம், கழுத்து என்று ஊற்றிக்கொண்டே தொப்பியால் விசிறுங்கள். ஈரத்துணியால் போர்த்தாதீர்கள், ஆவி போக வழியில்லாமல் சூடு உள்ளே அடைபடும். வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள், தானாக நக்கினால் நக்கட்டும். குளிர்வித்த பிறகு மிருக வைத்தியரிடம் போகவே வேண்டும்; எழுந்து வாலாட்டினாலும் உள்ளுறுப்பு கெட்டிருக்கலாம். அவருடைய தொலைபேசி எண்ணை முதல்நாளே போனில் பதிந்து, அந்த நேரத்தில் இருப்பாரா என்றும் கேட்டு வையுங்கள்.

நடக்க முடியாத நாயைச் சாரத்தில் தூக்குங்கள். சாரத்தை விரித்து நாயை நடுவில் கிடத்தி, இரு முனையையும் ஆளுக்கொருவர் முறுக்கிப் பிடித்தால் ஏணைபோல வரும். 20 கிலோவைக் கையில் ஏந்தி ஒருவர் முன்னூறு மீற்றர்கூடப் போகமாட்டார், இப்படி இருவர் ஒரு கிலோமீற்றர் போகலாம். வீட்டில் இரண்டு மூன்று தடவை சும்மா தூக்கிப் பழக்குங்கள். வலியில் கிடக்கும் நாய் சொந்தக்காரரையும் கடிக்கும் என்பதால், நினைவோடும் சீரான மூச்சோடும் இருந்தால் துணிச் சுருளால் வாயைத் தளர்வாகக் கட்டலாம். சூடு ஏறிய நாய்க்கு மட்டும் ஒருபோதும் கட்டக் கூடாது.

பாம்பு மனிதரைக் கடித்தால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். மோதிரம், சப்பாத்தைக் கழற்றி, கடிபட்ட அவயவத்தை அசையாமல் வைத்து 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். பிள்ளையை நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். நாயைக் கடித்தால் அதையும் ஓடவிடக் கூடாது, சாரம்தான். பாறையில் மலைத்தேனீக் கூட்டைக் கண்டால் கீழேயே திரும்புங்கள். கிளம்பிவிட்டால் நின்று கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு பற்றைக்குள்ளால் ஓட வேண்டும்.

பாதத் தோல் கிழிந்தால் கழுவி, துணி சுற்றி, மேலே அந்தப் பழைய காலுறையை மாட்டிப் பிளாஸ்டரால் ஒட்டுங்கள். அதோடு அன்றைய ஓட்டம் முடிந்தது. வலிக்கிறதே என்று பனடோலோ வேறு மாத்திரையோ கொடுக்க வேண்டாம். மனிதரின் வலிமாத்திரைகள் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

வெளியிலேயே வைத்து உண்ணி பாருங்கள். கண்ணால் பார்த்தால் தப்பிவிடும், விரல் நுனியால் எதிர்மயிரில் தடவ வேண்டும். காதுமடலின் உட்புறம், பட்டி கிடந்த இடம், அக்குள், விரலிடுக்கு, வாலடி. எள்ளளவு கட்டியாகத் தட்டுப்பட்டால் மயிரை விலக்கி, கூர்ச்சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மெல்ல இழுங்கள். மண்ணெண்ணெய் பூசுவதும் நெருப்புக்குச்சி வைப்பதும் பழைய பழக்கம். உண்ணி செத்துப்போகுமுன் தன் வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடும். விரலால் நசுக்கவும் வேண்டாம், சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். பிள்ளைகளின் காதுக்குப் பின்னாலும் இடுப்பு இறப்பர் பட்ட இடத்திலும் பார்க்க வேண்டும்.

ஒட்டுப்புல்லின் விதை விரலிடுக்கில் நின்றால் நாய் அந்த இடத்தை ஓயாமல் நக்கும், காதில் விழுந்தால் தலையைச் சாய்த்து உதறும். காதுக்குள் போனதை நீங்களே தோண்டாதீர்கள்.

அடுத்த இரண்டு நாளும் நாய்க்கு நடை மட்டும். மூன்று வாரம்வரை கவனியுங்கள்: சாப்பாட்டை விட்டால், முரசு வெளுத்தால், சிறுநீர் தேயிலைச் சாயம்போல வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மலைக்குப் போன திகதியையும் சொல்லி அன்றைக்கே இரத்தம் பரிசோதிக்கக் கேளுங்கள்.